நல்ல ஆசனம் யாருக்கு?

கால்பந்து ஆட்டம் பார்க்க மைதானத்தில் எங்கே உட்காருவது நல்லது? பணக்காரப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் இந்தக் கேள்விக்கு அடிக்கடி ஆலோசனை வருகிறது. நடுக்கோட்டுக்கு நேராக உட்காருங்கள், மிகவும் கீழே வேண்டாம், மிகவும் மேலேயும் வேண்டாம், இரண்டாம் தட்டின் முன்வரிசை உத்தமம் என்கிறார்கள்.

ஆலோசனை சரிதான். ஆனால் அந்த ஆசனத்தின் விலை என்ன? அதை வாங்க யாரால் முடியும்? முடியாதவன் எங்கே போனான்? இந்த மூன்று கேள்விகளை அந்தப் பத்திரிகைகள் கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம். கால்பந்து பிறந்து வளர்ந்த இங்கிலாந்தையே எடுத்துக்கொண்டு கேட்கிறோம். ஏனென்றால், அங்கே அந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள் நம்மைப் போன்ற பஞ்சாலைத் தொழிலாளிகள்.

எது நல்ல இடம்?

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். பெரிய பந்தயங்கள் நடக்கும் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதில் 22 பேர் ஓடுகிறார்கள். களத்தோரம் கீழ்வரிசையில் உட்கார்ந்தால், ஓடுகிறவனின் மூச்சிரைப்பு கூடக் காதில் விழும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் நடப்பது தெரியாது. ஆள் ஆளை மறைத்துவிடுவான். உயரப் போனால் களம் முழுவதும் கோலப் புள்ளிகள் போல் விரிந்து தெரியும். எவன் எந்த இடைவெளியில் நுழைகிறான், எவன் தன் இடத்தை விட்டு விலகினான் என்பதெல்லாம் விளங்கும். டெலிவிஷன் காமிராவை நடுக்கோட்டுக்கு நேராக உயரத்தில் வைப்பது இதற்காகவே.

கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றால் வேறொரு காட்சி. தற்காப்பு வீரர்களுக்கு நடுவே வழி எங்கே திறக்கிறது என்பது நேராகத் தெரியும். பந்து நம்மை நோக்கியே வரும். ஆனால் எதிர் முனையில் விழும் கோலை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்துதான் பார்க்க வேண்டும். பாதி கண்ணால், பாதி ஊகத்தால்.

இன்னொன்றும் உண்டு. பந்தயம் பெரும்பாலும் பிற்பகலில் நடக்கும். பல மைதானங்களில் முக்கியமான கேலரி மேற்குப் பக்கம் கட்டப்பட்டிருக்கும். அங்கே உட்காருகிறவனுக்குச் சாயங்கால வெயில் முதுகில்; எதிரே இருப்பவனுக்குக் கண்ணில். நாள் முழுவதும் வயலில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, நல்ல இடம், மோசமான இடம் என்பவை மெய்யாகவே உண்டு. எந்த இடம் யாருக்கு என்று தீர்மானித்தது யார் என்பதே கேள்வி.

ஆட்டத்தை வளர்த்தது யார்?

கால்பந்துக்கு விதி எழுதியவர்கள் சீமான் வீட்டுப் பிள்ளைகள், மறுக்கவில்லை. ஆனால் அதை ஜனங்களின் ஆட்டமாக ஆக்கியவர்கள் தொழிலாளிகள். அதற்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது? முதலாளி தானமாகக் கொடுத்தானா? இல்லை. பத்து மணி நேர வேலைக்காக இங்கிலாந்துப் பஞ்சாலைத் தொழிலாளிகள் நடத்திய நெடிய போராட்டத்தின் பலனாக வந்தது 1850ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் நெசவாலைகளில் பெண்களையும் இளம் தொழிலாளிகளையும் வேலை வாங்கக் கூடாது என்று அது விதித்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடுமா? ஓடாது. ஆலை நின்றது. சனிக்கிழமைப் பிற்பகல் தொழிலாளிக்குச் சொந்தமாயிற்று. சனிக்கிழமை 3 மணிக்கு ஆட்டம் என்ற வழக்கம் வேரூன்றியது அந்த அரை நாள் ஓய்வில்தான்.

1883ம் ஆண்டு இங்கிலாந்துக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில், ஈட்டன் பள்ளியில் படித்த சீமான்களின் அணியை பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. அந்த அணியில் நெசவாளிகளும் இரும்புப் பட்டறைத் தொழிலாளிகளும் இருந்தார்கள். 1888ல் கால்பந்து லீக் தொடங்கப்பட்டபோது சேர்ந்த 12 கிளப்புகளில் 6 கிளப்புகள் லங்காஷயர் மாவட்டத்தவை. மான்செஸ்டர் யுனைடெட் ரயில்வேத் தொழிலாளிகள் ஆரம்பித்த கிளப். ஆர்சனல் வெடிமருந்து, பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளிகள் ஆரம்பித்த கிளப். வெஸ்ட் ஹாம் கப்பல் கட்டும் பட்டறையில் பிறந்தது.

லங்காஷயர் என்றதும் நமக்கு வேறொரு நினைவும் வரும். நம் நாட்டுக் கைத்தறியை நசுக்கிய துணி அங்கே நெய்ததுதான். ஆனால் அதை நெய்த கை நமக்குப் பகை அல்ல. 1931ல் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்றபோது, அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை இழந்து நின்ற ஆலைத் தொழிலாளிகளே அவரை அன்போடு வரவேற்றார்கள். அவர்களை வதைத்த முதலாளித்துவமும் நம்மை வதைத்த ஏகாதிபத்தியமும் ஒரே உடம்பின் இரண்டு கைகள்.

கூரை ஒருவனுக்கு, மழை ஒருவனுக்கு

தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் ஆட்டம் பார்க்க வந்தார்கள். கிளப்பை நடத்தக் கம்பெனிகள் முளைத்தன. டைரக்டர்கள் வந்தார்கள். வந்ததும் செய்த முதல் காரியம் என்ன? இடத்தைப் பிரித்தார்கள்.

களத்தின் ஒரு பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக, கூரை போட்ட கேலரி, அதில் ஆசனங்கள். அது டைரக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் காசுள்ளவர்களுக்கும். மற்ற மூன்று பக்கங்களிலும் மண் மேட்டின் மேல் படித்தட்டுகள். பெரும்பாலும் கூரை இல்லை, ஆசனம் இல்லை. அது தொழிலாளிக்கு. வாரம் முழுவதும் தறியருகே நின்றவன் சனிக்கிழமையும் நின்றான். நம் ஊர் டூரிங் கொட்டகையில் அந்நாளில் தரை டிக்கெட் இருந்ததே, அதுபோல. ஆனால் தரை டிக்கெட்டில் உட்காரவாவது செய்யலாம்.

லிவர்பூல் நகரத்து மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள பெரிய மேட்டுக்கு ‘கோப்’ என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் உள்ள ஸ்பியான் கோப் என்ற குன்றின் பெயர் அது. 1900 ஜனவரியில், போயர் யுத்தத்தில், லங்காஷயர் பட்டாளத்தைச் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏகாதிபத்தியத்துக்காக அந்தக் குன்றின் மேல் செத்து விழுந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் நேட்டாலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக இருந்த இந்தியர்களும் உண்டு. நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்து ஏழைகள். செத்தவனும் ஏழை, சுமந்தவனும் ஏழை. அந்தக் குன்றின் பெயரால் அழைக்கப்பட்ட மேட்டில் நின்று ஆட்டம் பார்த்தவனும் ஏழை!

அந்தப் படித்தட்டுகளில் நின்றவர்களுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள்.

1902, கிளாஸ்கோ, ஐபிராக்ஸ் மைதானம்: மரப் படித்தட்டு முறிந்தது, 25 பேர் இறந்தார்கள். 1946, போல்ட்டன்: கொள்ளளவுக்கு மேல் கூட்டத்தை அடைத்ததால் தடுப்புக் கம்பிகள் ஒடிந்தன, 33 பேர் நசுங்கி இறந்தார்கள். பிணங்களைக் களத்தோரம் கிடத்தி, கோட்டுகளால் மூடிவிட்டு, ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள்! 1971, மீண்டும் ஐபிராக்ஸ்: வெளியேறும் படிக்கட்டில் 66 பேர் இறந்தார்கள். அதே படிக்கட்டில் 1961லேயே இருவர் இறந்திருந்தார்கள்.

1946 சாவுக்குப் பிறகு விசாரணை நடந்தது. கூட்டத்துக்கு வரம்பு விதிக்க வேண்டும், மைதானங்களுக்கு லைசென்சு வேண்டும் என்று விசாரணை சொன்னது. சட்டம் எப்போது வந்தது? 1975ல்! இருபத்தொன்பது வருஷங்கள் கழித்து, இன்னும் 66 உயிர்களைக் கொடுத்த பிறகு. 1985ல் பிராட்ஃபோர்டு நகரில் பழைய மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பலகைக்கு அடியில் குவிந்த குப்பையைப் பற்றி முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. குப்பையை அள்ள ஆள் வைக்கவில்லை.

ஹில்ஸ்பரோ

1989ம் ஆண்டு ஏப்ரல் 15ந் தேதி. ஷெஃபீல்டு நகரத்தில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கும் இங்கிலாந்துக் கோப்பையின் அரையிறுதிப் பந்தயம். லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய முனையில் நின்று பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் 10,100 பேர். அவர்கள் நுழைய இருந்த சுழல் வாயில்கள் ஏழே ஏழு! உள்ளே படித்தட்டை மாட்டுப்பட்டி போல் இரும்பு வேலியால் கூறு போட்டிருந்தார்கள். முன்னாலும் வேலி, களத்துக்குள் யாரும் இறங்கக் கூடாதாம்.

வெளியே நெரிசல் முற்றியது. போலீஸ் அதிகாரி பெரிய கதவைத் திறக்க உத்தரவிட்டார். ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பட்டிக்குப் போகும் சுரங்க வழியை யாரும் மூடவில்லை. ஜனங்கள் அதன் வழியே போனார்கள். முன்னால் நின்றவர்கள் வேலியோடு நசுங்கினார்கள். மூன்று மணி ஆறு நிமிஷத்துக்கு ஆட்டம் நின்றது. மேல் தட்டில் உட்கார்ந்திருந்த ரசிகர்கள் குனிந்து, கீழே நசுங்கியவர்களைக் கையைப் பிடித்து மேலே தூக்கினார்கள். களத்தோரம் இருந்த விளம்பரப் பலகைகளைப் பிய்த்து, அவற்றில் காயம்பட்டவர்களைக் கிடத்தி, ரசிகர்களே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மொத்தம் 97 பேர் இறந்தார்கள். கடைசியாக இறந்தவர், அந்தக் காயத்தின் விளைவாகவே, 2021ல் கண் மூடினார். இறந்தவர்களில் மிகச் சிறியவனுக்கு வயது 10.

பிறகு என்ன நடந்தது? குற்றம் செத்தவர்கள் மேல் விழுந்தது! ரசிகர்கள் குடித்துவிட்டு வந்தார்கள், டிக்கெட் இல்லாமல் முண்டியடித்தார்கள் என்று போலீஸ் கதை கட்டியது. நான்கே நாளில் ‘தி சன்’ என்ற பத்திரிகை ‘உண்மை’ என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களின் பையைத் துழாவினார்கள் என்று எழுதியது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் சவம் எடுப்பதற்குள் இந்த அவதூறு!

இந்தப் போலீஸ் எந்தப் போலீஸ்? தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ். 1984ல் சுரங்கத் தொழிலாளிகளின் மகத்தான வேலைநிறுத்தத்தின்போது, ஆர்கிரீவ் என்ற இடத்தில் குதிரைப்படையை ஏவி அவர்களை அடித்து நொறுக்கிய அதே போலீஸ். 95 தொழிலாளிகள் மீது அது போட்ட வழக்கு, போலீஸ் சாட்சியம் நம்பத் தகாதது என்று வெளிப்பட்டு, 1985ல் நீதிமன்றத்தில் சரிந்தது. வேலைநிறுத்தத்தில் நிற்கும் தொழிலாளியையும் மைதானத்தில் நிற்கும் தொழிலாளியையும் அது பார்த்த பார்வை ஒன்றே.

லிவர்பூல் ஜனங்கள் விடவில்லை. இருபத்தேழு வருஷம் போராடினார்கள். 2012ல் சுயேச்சையான குழு ஒன்று உண்மையை அம்பலப்படுத்தியது. போலீசாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116 திருத்தங்கள் போலீசுக்குப் பாதகமான விஷயங்களை நீக்குவதற்காக! 2016 ஏப்ரலில் விசாரணை ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: ரசிகர்கள் மீது பழியில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள். ஆனாலும், பந்தயத்துக்குப் பொறுப்பு வகித்த போலீஸ் அதிகாரியை 2019ல் நீதிமன்றம் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. அவதூறு எழுதிய பத்திரிகையை லிவர்பூல் நகரம் இன்றும் கையால் தொட மறுக்கிறது.

பாதுகாப்பின் பேரால் பகற்கொள்ளை

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். ஹில்ஸ்பரோ சாவை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தார். பெரிய மைதானங்கள் எல்லாவற்றிலும் நின்று பார்ப்பதை ஒழித்து, அனைவருக்கும் ஆசனம் போட வேண்டும் என்றார். வேலிகள் போகட்டும், உயிர் பிழைக்கட்டும் என்றால் யார் மறுப்பார்கள்? ஆனால் அதே அறிக்கையில் அவர் இன்னொன்றும் சொன்னார்: ஆசனம் போடுவதைச் சாக்காக வைத்து விலையை ஏற்றக் கூடாது, இதுவரை நின்று பார்த்தவர்களின் கைக்கு எட்டும்படி விலை இருக்க வேண்டும். உதாரணமும் கொடுத்தார்: ஐபிராக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு.

கிளப் முதலாளிகள் அறிக்கையின் முதல் பாதியைப் படித்தார்கள்; இரண்டாம் பாதியைக் கிழித்துப் போட்டார்கள்!

1992ல் பெரிய கிளப்புகள் தனியே பிரிந்து ‘பிரீமியர் லீக்’ என்று கடை விரித்தன. டெலிவிஷன் உரிமையை வாங்கியது யாருடைய கம்பெனி? ரூபர்ட் மர்டாக்கின் கூட்டுக் கம்பெனி. ‘தி சன்’ பத்திரிகை யாருடையது? அதே மர்டாக்கினுடையது! செத்த ரசிகனைத் தூற்றிய கை, உயிரோடிருந்த ரசிகனின் ஆட்டத்தையும் விலைக்கு வாங்கியது.

1994 ஏப்ரல் 30ந் தேதி ‘கோப்’ மேட்டில் ஜனங்கள் கடைசி முறையாக நின்று ஆட்டம் பார்த்தார்கள். ஒரு காலத்தில் 25,000 பேருக்கு மேல் நின்ற இடம், ஆசனம் போட்டதும் அதில் பாதியாகச் சுருங்கியது. இடம் குறைந்தது, விலை ஏறியது. நடுக்கோட்டுக்கு நேராகக் கண்ணாடி அறைகள் முளைத்தன. கம்பெனி நிர்வாகிகள் தங்கள் வாடிக்கைக்காரர்களை அழைத்து வந்து விருந்து வைக்கும் அறைகள் அவை. 2006ல் திறந்த ஆர்சனலின் புதிய மைதானத்தில் இப்படி சுமார் 150 அறைகள். மான்செஸ்டர் யுனைடெட்டின் கேப்டன் ராய் கீன், 2000ம் ஆண்டில், இறால் வைத்த ரொட்டித் துண்டைத் தின்றுகொண்டு களத்தில் நடப்பதை அறியாதவர்கள் என்று சொந்த மைதானத்துக் கனவான்களையே பகிரங்கமாகக் கேலி செய்தார். நல்ல ஆசனம் அவர்களுக்கு. ஆட்டம் தெரிந்தவன் சுவருக்கு வெளியே!

அவர்கள் சொல்லும் சமாதானம்

“மைதானம் கட்டப் பணம் வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். 2015ல் பிரீமியர் லீக் மூன்று வருஷ டெலிவிஷன் உரிமையை பிரிட்டனுக்குள் மட்டும் 513 கோடி பவுண்டுக்கு மேல் விற்றது. அதற்கு அடுத்த வருஷமே லிவர்பூல் கிளப்பின் அமெரிக்க முதலாளிகள் புதிய கேலரியின் உயர்ந்த டிக்கெட்டுக்கு 77 பவுண்டு என்று விலை அறிவித்தார்கள். பெட்டி நிரம்பி வழியும்போது பிச்சைக்காரனின் தட்டிலிருந்தும் எடுப்பதற்குப் பெயர் செலவா, கொள்ளையா?

“வாங்க ஆள் இருக்கிறான், விலை ஏறுகிறது, இது சந்தை நியதி” என்கிறார்கள். பதுக்கல் அரிசி வியாபாரியும் இதையே சொல்வான். உலகக் கால்பந்து சம்மேளனம் இந்த ‘நியதியை’ உச்சிக்கே கொண்டு போயிற்று. 2026 உலகக் கோப்பைக்கு 2025ல் டிக்கெட் விற்றபோது, கிராக்கிக்குத் தகுந்தபடி விலையை ஏற்றும் முறையைப் புகுத்தியது. இறுதிப் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர்! உலகெங்கும் ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு, டிசம்பரில், 60 டாலருக்குக் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்குவதாக அறிவித்தது. கொதிக்காமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திராது.

“நின்று பார்த்தால் சாவார்கள்” என்கிறார்கள். இதை மட்டும் நாம் நிதானமாகவே பேசுவோம். ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளை இழந்த பெற்றோர்களில் சிலர் நின்று பார்க்கும் முறை திரும்பி வரவே கூடாது என்றார்கள். அவர்கள் துயரத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் அந்த உயிர்களைக் கொன்றது நின்றது அல்ல. வேலி கொன்றது. ஏழு வாயில் கொன்றது. தொழிலாளிக் கூட்டத்தை மந்தையாகப் பார்த்த அதிகாரம் கொன்றது.

ஜெர்மனியைப் பாருங்கள். நிலக்கரிக்கும் எஃகுக்கும் பெயர்போன டார்ட்மண்டு நகரத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரே கேலரியில் ஏறத்தாழ 25,000 பேர் இன்றும் நின்று பார்க்கிறார்கள். ஆசன டிக்கெட்டை விட அது மிக மலிவு. ஜெர்மனியில் சில விலக்குகள் போக, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. அதுவும் முதலாளித்துவ நாடுதான்; சொர்க்கம் அல்ல. ஆனால் ஓட்டு ரசிகன் கையில் இருந்தால் விலை அவ்வளவு சுலபமாக ஏறாது என்பதற்கு அது சாட்சி.

இங்கிலாந்து சர்க்காரே கடைசியில் இறங்கி வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் இரும்புக் கம்பி வைத்து, பாதுகாப்பாக நின்று பார்க்கும் முறையை 2022 ஜனவரியில் சில மைதானங்களில் சோதித்து, அடுத்த பருவம் முதல் அனுமதித்தது. ஆக, பாதுகாப்பாக நிற்க வழி உண்டு. அந்த வழியை அடைத்து வைத்திருந்த இருபத்தெட்டு வருஷங்களில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

எழுபத்தேழாவது நிமிஷம்

அந்த 77 பவுண்டு என்ன ஆயிற்று? 2016 பிப்ரவரி 6ந் தேதி. லிவர்பூல் மைதானத்தில் சந்தர்லாந்து அணியோடு பந்தயம். லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. சரியாக எழுபத்தேழாவது நிமிஷம். சுமார் 10,000 ரசிகர்கள் ஆசனத்தை விட்டு எழுந்தார்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் சொந்த அணிக்கு முதுகைக் காட்டி வெளியே நடந்தார்கள். எவ்வளவு ஆசையோடு வாங்கிய டிக்கெட்! அதை விட்டு எழுந்து போக எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! அன்று ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிந்தது. ஆனால் நான்கே நாளில் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, 77 பவுண்டு விலையை வாபஸ் வாங்கினார்கள்.

ஆலையில் வேலையை நிறுத்தினால் முதலாளி இறங்கி வருகிறான். கேலரியில் ஆசனத்தைக் காலி செய்தாலும் இறங்கி வருகிறான். இரண்டு இடத்திலும் அவனுடைய லாபம் நம் உடம்பு அங்கே இருப்பதில்தான் இருக்கிறது.

அதே வருஷம், வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் டிக்கெட் விற்பதில்லை என்று பிரீமியர் லீக் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்கும் முன்னால், 2005ல், மான்செஸ்டர் யுனைடெட்டை ஓர் அமெரிக்கக் குடும்பம் கடன் வாங்கி விலைக்கு வாங்கி, அந்தக் கடனையும் கிளப்பின் தலையிலேயே கட்டியது. அப்போது மனம் கொதித்த ரசிகர்கள் வெளியேறி, சொந்தக் கூட்டுறவுக் கிளப் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. பணம் எவ்வளவு போட்டாலும் ஓட்டு ஒன்றுதான். 2015ல் தங்களுக்கென்று ஒரு மைதானமும் திறந்தார்கள். சிறிய கிளப்தான். ஆனால் அங்கே நல்ல இடம் எது என்று தீர்மானிப்பவர்கள் அங்கே வருகிறவர்கள்.

இது சீமைக் கதை அல்ல

“சீமைக் கதை நமக்கெதற்கு?” என்று யாராவது கேட்கலாம். 1980 ஆகஸ்டு 16ந் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் பந்தயத்தின்போது, கலவர நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். இரண்டு கட்சி ரசிகர்களையும் ஒரே கேலரியில் கலந்து அடைத்திருந்தார்கள். யாருக்கு எந்த இடம் என்று யோசிக்க ஆள் இல்லை. அங்கேயும் செத்தவர்கள் நின்றோ நெருங்கியோ பார்த்த சாதாரண ஜனங்கள். கனவான்களின் நாற்காலியில் இருந்தவர்கள் அல்ல.

ஆகவே ‘நல்ல ஆசனம்’ பற்றி நாமும் நம் ஆலோசனையைச் சொல்கிறோம். களம் முழுவதும் தெரியும் இடம் நல்ல இடம். மழை நனைக்காத, வெயில் குத்தாத இடம் நல்ல இடம். போன வழியே உயிரோடு திரும்பி வரும் இடம் நல்ல இடம். ஒரு நாள் கூலியை முழுவதும் விழுங்காத இடம் நல்ல இடம். இந்த நான்கும் ஒரே ஆசனத்தில் சேர முடியாது என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை. லாப விதி ஒன்றுதான் சொல்கிறது.

நாம் கோருவது என்ன? மைதானத்தில் கண்ணாடி அறைகளுக்கு முன்பாக மலிவு டிக்கெட்டுக்கு இடம் ஒதுக்கு. நின்று பார்க்க விரும்புகிறவனுக்குப் பாதுகாப்பாக நிற்க இடம் கொடு. விலை நிர்ணயிக்கும் இடத்தில் ரசிகர்களின் பிரதிநிதியை உட்கார வை. வாயில் எத்தனை, வழி எத்தனை, ஆள் எத்தனை என்ற கணக்கைப் பகிரங்கமாக எழுதி ஒட்டு. சர்க்கார் பணத்தில், அதாவது நம் வரிப்பணத்தில் கட்டிய மைதானமானால், இவை அத்தனையும் நம் உரிமை.

அரை நாள் ஓய்வைப் போராடிப் பெற்றவன் பஞ்சாலைத் தொழிலாளி. அந்த அரை நாளில் ஆட்டத்தை வளர்த்தவனும் அவனே. அவனுக்கு நல்ல ஆசனம் யாரும் பிச்சையாகப் போட வேண்டியதில்லை. எழுபத்தேழாவது நிமிஷத்தில் எழுந்து நடந்த பதினாயிரம் பேர் வழியைக் காட்டியிருக்கிறார்கள்.

உட்காரும் உரிமைக்காக எழுந்து நிற்போம், தோழர்களே!